தடிமன், இருமல், இழுப்பு, நியூமோனியா: கொழும்பில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மே மாதம் தென்மேல் பருவமழை இறங்கியதும் கொழும்பு மொண்டிசோரிகளில் ஒரு பிள்ளை இருமத் தொடங்கும். அடுத்த கிழமை வகுப்பே இருமும். ஜூலைக்குப் பிறகு கொஞ்சம் அடங்கி, நவம்பர், டிசம்பர் பக்கம் திரும்பவும் வரும். இன்ஃப்ளுவென்சா இங்கே பெரும்பாலும் இந்த இரண்டு காலத்திலும்தான் தலைதூக்குகிறது. மற்ற வைரஸ்கள் வருடம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும்.

நல்ல ஆரோக்கியமான சின்னப் பிள்ளைக்கே வருடத்துக்கு 6 முதல் 8 தடவை தடிமன் வருவது வழமை. மொண்டிசோரி தொடங்கிய முதல் வருடத்தில் இன்னும் கூடலாம். ஒவ்வொரு தடிமனும் 7 முதல் 10 நாள் இருக்கும், இருமல் மட்டும் 2, 3 கிழமை இழுத்துக்கொண்டு போகும். கணக்குப் பார்த்தால் வருடத்தில் பல மாதம் பிள்ளை இருமிக்கொண்டே இருப்பதுபோலத் தோன்றும். "இவனுக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை" என்று அம்மம்மா கவலைப்படுவதும் இதனால்தான். நன்றாக விளையாடி, சாப்பிட்டு, எடை கூடி வருகிற பிள்ளை இப்படி அடிக்கடி தடிமன் பிடிப்பதில் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இத்தனை தடிமன்களுக்கு நடுவே எப்போதாவது ஒன்று நெஞ்சுக்குள் இறங்கிவிடும். அதை நேரத்தோடு கண்டுபிடிப்பதுதான் பெற்றோரின் உண்மையான வேலை. சளி பச்சையா மஞ்சளா, இருமல் எவ்வளவு சத்தம், தேர்மோமீட்டர் எத்தனை டிகிரி காட்டுகிறது என்பதையெல்லாம் விட இரண்டு விஷயங்கள் அதிகம் சொல்லும்: பிள்ளை எப்படி மூச்செடுக்கிறது, எவ்வளவு குடிக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த இரண்டையும் சுற்றித்தான் போகிறது.

முதல் படி: சட்டையைக் கழற்றிவிட்டு மூச்சை எண்ணுங்கள்

பிள்ளை நித்திரையாக இருக்கும்போது, அல்லது மடியில் அமைதியாக இருக்கும்போது, நெஞ்சும் வயிறும் வடிவாகத் தெரியும்படி சட்டையை உயர்த்துங்கள். போனில் 1 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். வயிறு ஒருமுறை உயர்ந்து இறங்கினால் ஒன்று. முழு நிமிடமும் எண்ண வேண்டும். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கினால் கணக்குப் பிழைக்கும், ஏனென்றால் சின்னக் குழந்தைகள் சில செக்கன் வேகமாகவும் சில செக்கன் மெதுவாகவும் மூச்சு விடுவார்கள். அழுத கையோடு எண்ண வேண்டாம். கடும் காய்ச்சலில் மூச்சு கொஞ்சம் வேகமாகத்தான் இருக்கும். காய்ச்சல் இறங்கிய பிறகு இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் எல்லைக்கோடு இது. 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. 2 மாதத்திலிருந்து ஒரு வயது நிறையும் வரை 50. ஒரு வயதிலிருந்து 5 வயது வரை 40. இந்த மூன்று எண்களையும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தால், நடு இரவில் தேட வேண்டியிருக்காது.

எண்ணி முடித்ததும் நெஞ்சைப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு விரிய வேண்டும். அதற்குப் பதிலாக விலாவுக்குக் கீழே உள்ள பகுதி உள்ளே குழிந்தால், பிள்ளை மூச்சுக்காகப் பாடுபடுகிறது என்று பொருள். விலா எலும்புகளுக்கு இடையிலும் தொண்டைக் குழியிலும் பள்ளம் விழுவது, மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்குவது, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுவது, மூச்சை வெளியே விடும்போது முனகுவது எல்லாம் அதே செய்தியைச் சொல்கின்றன.

பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது "நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது" என்ற எண்ணம். முதுகில் கை வைத்தால் கர்கர் என்று அதிரும். பெரும்பாலும் அது மூக்கிலும் தொண்டையிலும் நிற்கிற சளியின் சத்தம்தான். பார்மசியில் கிடைக்கும் 0.9 வீத உப்பு நீர்த் துளியை ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து மெதுவாக உறிஞ்சி எடுத்துவிட்டுத் திரும்பக் கேளுங்கள். சத்தம் குறைந்து, மூச்சின் எண்ணிக்கையும் சரியாக இருந்தால் அது மூக்கடைப்புத்தான்.

அப்புறம் குடிப்பது. வழமையாகக் குடிப்பதில் பாதியாவது குடிக்கிறதா? சிறுநீர் போகிறதா? மூச்சு முட்டுகிற குழந்தையால் தொடர்ந்து உறிஞ்ச முடியாது. இரண்டு வாய் குடித்துவிட்டு வாயை எடுத்து மூச்சு வாங்கி, திரும்ப முயற்சி செய்து, களைத்துப்போய் விட்டுவிடும்.

இரண்டாம் படி: எப்போது உடனே கிளம்ப வேண்டும்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை பொறுக்க வேண்டாம்.

- உதடு அல்லது நாக்கு நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறுவது, மூச்சு இடையிடையே நின்று நின்று வருவது
- நெஞ்சு உள்ளே குழிவது, முனகுவது, அமைதியாக இருக்கும்போதே மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற சத்தம் வருவது
- பால் உறிஞ்சவோ தண்ணீர் குடிக்கவோ முடியாமல் இருப்பது, குடித்த எல்லாவற்றையும் வாந்தி எடுப்பது
- வலிப்பு, எழுப்பினாலும் சரியாக எழும்பாத அளவு சோர்வு
- 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், வேறு ஒரு அறிகுறியும் இல்லாவிட்டாலும்கூட
- எச்சில் விழுங்க முடியாமல் வழியவிட்டபடி, முன்னால் சாய்ந்து உட்கார்ந்து மூச்செடுப்பது

கடைசியாகச் சொன்ன பிள்ளையைப் படுக்க வைக்கக் கூடாது, வாயைத் திறந்து கரண்டி வைத்துப் பார்க்கவும் கூடாது. அவர் உட்கார விரும்புகிற மாதிரியே மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், 24 மணித்தியாலமும் வரும், உள்ளே ஒட்சிசன் இருக்கும். கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கொம்பனித்தெருப் பக்கம் இருப்பவர்களுக்குப் பொரளையில் உள்ள லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை தோதானது. வெள்ளவத்தை, தெஹிவளைக்காரருக்குக் களுபோவில போதனா வைத்தியசாலை கிட்ட. வத்தளைக்கு அப்பால் இருப்பவர்களுக்கு ராகம. பொரளைக்குத்தான் போக வேண்டும் என்று பின்னேர நெரிசலில் காலி வீதியில் மாட்டிக்கொள்வதைவிட, கிட்ட இருக்கிற பெரிய அரச ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. பிள்ளைகள் பிரிவு மூன்று இடத்திலும் இருக்கிறது.

கொழும்பில் ஒரு பழக்கம் இருக்கிறது: பிள்ளைக்கு எது வந்தாலும் நம்பிக்கையான விசேட வைத்தியரைச் சனல் பண்ணிவிட்டு (தனியாரில் பார்க்க நேரம் பதிந்துவிட்டு) இரவு 7 மணி வரை காத்திருப்பது. சாதாரண இருமலுக்கு அது சரி. நெஞ்சு குழிகிற பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு ஆபத்து. அவருக்கு அந்த நேரம் வேண்டியது ஒட்சிசன், அது சனல் பண்ணுகிற அறையில் கிடைக்காது.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ புதிதாக வந்து சிங்களம் தெரியாதவர்கள் இதை மட்டும் மனப்பாடம் செய்து வையுங்கள்: "ஹுஸ்ம கன்ன அமாருய்." மூச்செடுக்கக் கஷ்டப்படுகிறது என்று பொருள். வாசலில் அதைச் சொன்னால் மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மூன்றாம் படி: காய்ச்சல், பனடோல், டெங்கு

இந்த நகரத்தில் காய்ச்சல் என்றால் தடிமனை மட்டும் நினைக்க முடியாது. மூக்கு ஓடுவதும் இருமுவதும் டெங்குவில் குறைவுதான். ஆனால் தடிமன் இருக்கிறது என்பதற்காக டெங்கு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. இரண்டும் ஒன்றாகவும் வரலாம்.

அதனால் ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலுக்குப் பராசிற்றமோல் (பனடோல்) மட்டும். ஐபுபுரோபன், மெபனமிக் அசிட், டைக்ளோபினக், அஸ்பிரின் எதுவும் வேண்டாம், பாணியாகவும் வேண்டாம், பின்வழி வைக்கிற மருந்தாகவும் வேண்டாம். டெங்குவாக இருந்தால் இவை இரத்தக் கசிவைக் கூட்டும். வேறு நாட்டில் இருக்கிற சித்தி "இங்கே பிள்ளைகளுக்கு ஐபுபுரோபன்தான் தருவார்கள்" என்று சொல்லி போத்தலே அனுப்பியிருப்பார். அங்கே அது பரவாயில்லை. இங்கே வேண்டாம்.

பராசிற்றமோலின் அளவு வயதைப் பார்த்து வருவதில்லை, எடையைப் பார்த்து வருவது. ஒரு கிலோவுக்கு ஒரு தடவைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் இல்லை. இதில் அடிக்கடி நடக்கும் குழப்பம் பாணியின் செறிவு. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள போத்தலும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. 12 கிலோ பிள்ளைக்கு அதிகபட்சம் 180 மில்லிகிராம். முதல் போத்தலில் அது 7.5 மில்லிலீற்றர், இரண்டாவதில் 3.6 மட்டும். போத்தல் மாறியது தெரியாமல் அதே 7.5 ஐக் கொடுத்தால் 375 மில்லிகிராம் உள்ளே போய்விடும், அளவுக்கு இருமடங்குக்கும் மேல். லேபிளை ஒவ்வொரு தடவையும் வாசியுங்கள். தேக்கரண்டியால் அளக்காமல் மருந்துச் சிரிஞ்சால் அளவுங்கள். சில தடிமன் பாணிகளுக்குள்ளேயே பராசிற்றமோல் கலந்திருக்கும், அதையும் பனடோலையும் சேர்த்துக் கொடுத்தாலும் இதே கதைதான். 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டொக்டர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

பனடோல் காய்ச்சலைக் குறைத்துப் பிள்ளையின் அவதியைத் தணிக்கும், வைரஸைக் கொல்லாது. 39 இலிருந்து 38 க்கு இறங்கி, பிள்ளை எழுந்து இரண்டு வாய் கஞ்சி குடித்தால் மருந்து வேலை செய்துவிட்டது. 37 க்கு வரவில்லையே என்று இடைவெளியைக் குறைத்துக் கொடுக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்கலாம். ஐஸ் தண்ணீர் வேண்டாம், நடுங்கி இன்னும் சூடேறும்.

காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். மூன்றாம் நாள் எப்.பி.சி (குருதிக் கலங்களை எண்ணுகிற) இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், கைக்குழந்தைக்கு அதற்கு முன்பே டொக்டரிடம் காட்ட வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளை கலகலப்பானால் நல்லது. காய்ச்சல் விட்டும் சோர்ந்துபோய், வயிற்று நோ, வாந்தி, கைகால் குளிர்வது, 6 மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீர் போகாமல் இருப்பது என்று ஏதாவது இருந்தால், டெங்குவின் ஆபத்தான கட்டம் அதுதான். நேரே ஆஸ்பத்திரிக்கு.

நான்காம் படி: என்ன வகை நோய் என்று பார்ப்பது

நோயைப் பெயர் சொல்லித் தீர்மானிப்பது டொக்டரின் வேலை. ஆனாலும் வகை தெரிந்தால் அவர் ஏன் இந்த மருந்தைத் தருகிறார், ஏன் அந்த மருந்தைத் தரவில்லை என்று விளங்கும்.

சாதாரண தடிமனில் முதல் இரண்டு மூன்று நாள் காய்ச்சல், மூக்கொழுக்கு, பிறகு இருமல். தண்ணியாக ஓடின சளி மூன்று நான்கு நாளில் தடித்து மஞ்சளாகி பச்சையாகும். உடம்பின் வெள்ளைக் குருதிக் கலங்கள் வேலை செய்வதால் வருகிற நிறம் அது. நிறம் மாறிவிட்டது என்பதற்காக அன்டிபயோடிக் தேவையில்லை.

குரூப் என்பது பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 3 வயது வரை உள்ளவர்களுக்கு வரும். மாலையில் சாதாரணமாகப் படுத்த பிள்ளை நடு இரவில் நாய் குரைப்பதுபோல இருமி எழும்பும், குரல் கம்மியிருக்கும், மூச்சை இழுக்கும்போது கீச்சிடும். குரல்வளைக்குக் கீழே வீங்கியிருப்பதுதான் காரணம். அழ அழ வீக்கம் இன்னும் நெருக்கும், ஆகவே முதல் மருந்து பிள்ளையை அழவிடாமல் நிமிர்த்தித் தூக்கி வைத்திருப்பது. ஆவி பிடிப்பதால் குரூப்புக்குப் பலன் இல்லை என்று ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. டெக்சாமெதசோன் ஒரு தடவை கொடுத்தாலே சில மணித்தியாலத்தில் வீக்கம் வடியும். கடுமையாக இருந்தால் ஆஸ்பத்திரியில் அட்ரினலினை நெபுலைசரில் (மருந்தைப் புகைபோல மூச்சோடு உள்ளே அனுப்புகிற கருவி) கொடுப்பார்கள்.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பெற்றோர் வடிவாகத் தெரிந்திருக்க வேண்டியது பிரொங்கியோலைட்டிஸ். நுரையீரலுக்குள் இருக்கிற மிகச் சிறிய காற்றுக் குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபடுகிற நோய் இது. பெரும்பாலும் ஆர்.எஸ்.வி என்ற வைரஸ். வீட்டில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ வெறும் மூக்கொழுக்காக வந்துபோனது, தொட்டிலில் இருக்கிற தம்பிக்கு மூச்சு முட்டலாக மாறும். முதல் இரண்டு நாள் சாதாரண தடிமன் மாதிரித்தான் இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் உச்சம். இரண்டாம் நாள் டொக்டரிடம் காட்டி "பயமில்லை" என்று கேட்டுவிட்டு வந்தவர்கள், நான்காம் நாள் மூச்சு வேகமாகினால் "முந்தநாள்தானே காட்டினோம்" என்று இருக்கக் கூடாது. திரும்பக் காட்ட வேண்டும்.

இதற்கு மருந்தென்று பெரிதாக எதுவும் இல்லை என்பதைப் பெற்றோர் ஏற்றுக்கொள்வது கஷ்டம். அன்டிபயோடிக் உதவாது, வைரஸ். காற்றுக் குழாயை விரிக்கிற சல்பியுடமோல் நெபுலைசரும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பலன் தராது. மூக்கைச் சுத்தமாக வைப்பது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுப்பது, தேவைப்பட்டால் ஒட்சிசன், குடிக்கவே முடியாவிட்டால் மூக்குவழிக் குழாயால் பாலோ நரம்பு வழி சேலைனோ. அதுதான் முழுச் சிகிச்சை, அதை ஒழுங்காகச் செய்தால் பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள். குறைமாதத்தில் பிறந்தவர்கள், இருதயக் குறைபாடு உள்ளவர்கள், 3 மாதத்துக்கு உட்பட்டவர்கள் என்றால் தாமதிக்காமல் காட்டுங்கள். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இருமலே இல்லாமல் மூச்சு நின்று நின்று வருவதும் உண்டு.

இழுப்பு வேறு. மூச்சை வெளியே விடும்போது விசிலடிக்கிற சத்தம், இரவிலும் விடியப்புறமும் கூடுகிற இருமல், ஓடி விளையாடினால் வருகிற முட்டு. சில பிள்ளைகளுக்குத் தடிமன் வந்தால் மட்டும் இழுக்கும், வளர வளர நின்றுவிடும். சிலருக்கு அது ஆஸ்துமா. எங்கள் ஆட்களிடையே பம்ப் (இன்ஹேலர்) என்றாலே ஒரு பயம், "பழகிவிடும், பிறகு விட முடியாது" என்று. பழகாது. நேரே நுரையீரலுக்குப் போகிற மருந்து என்பதால் பாணியைவிட மிகக் குறைந்த அளவே போதும். நெபுலைசருக்காக நடு இரவில் ஓடுகிற பலருக்கு, லேசான, நடுத்தர இழுப்பில் ஸ்பேசரோடு (பம்புக்கும் முகத்துக்கும் நடுவே பொருத்துகிற பிளாஸ்டிக் குழாய்) போடுகிற பம்ப் அதே பலனை வீட்டிலேயே தரும்.

போடுகிற முறையில்தான் எல்லாம் இருக்கிறது. பம்பை நன்றாகக் குலுக்கி ஸ்பேசரில் பொருத்துங்கள். மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். ஒரு தடவை அமுக்கி, பிள்ளை 5, 6 மூச்சு எடுக்கும் வரை பிடித்திருங்கள். திரும்பக் குலுக்கி அடுத்தது. இரண்டு மூன்றை ஒரேயடியாக அமுக்கினால் மருந்து ஸ்பேசரின் சுவரில் ஒட்டிப் போகும். கிழமைக்கு ஒருமுறை சவர்க்கார நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். நீல பம்ப் (இழுப்பை உடனே தணிக்கிற சல்பியுடமோல்) போட்டும் 4 மணித்தியாலம் தாங்காமல் திரும்ப இழுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம்.

நியூமோனியாவில் காய்ச்சல், இருமல், வேகமான மூச்சு மூன்றும் சேரும். சில பிள்ளைகள் வயிற்று நோ என்றுதான் சொல்வார்கள், நுரையீரலின் அடிப்பகுதியில் அழற்சி இருந்தால் வலி வயிற்றில் தெரியும். பக்டீரியா காரணமாக இருக்கலாம் என்பதால் இங்கேதான் அன்டிபயோடிக்குக்கு இடம். நெஞ்சு குழியாமல், நன்றாகக் குடிக்கிற பிள்ளைக்கு அமொக்ஸிசிலின் பாணி வீட்டிலேயே போதும், எக்ஸ்ரே கட்டாயமில்லை. தொடங்கி 2 நாளில் காய்ச்சல் இறங்கி மூச்சு சீராக வேண்டும். ஆகவில்லையென்றால் அதே போத்தலைத் தொடராமல் திரும்பக் காட்டுங்கள்.

தொண்டை நோவில் பெரும்பாலானது வைரஸ். 5 முதல் 15 வயது வரை உள்ளவருக்கு மூக்கொழுக்கோ இருமலோ இல்லாமல் திடீர்க் காய்ச்சலும் தொண்டையில் வெள்ளைப் படிவும் கழுத்தில் நெறிகட்டியும் வந்தால் அது ஸ்ட்ரெப்டோகொக்கஸாக இருக்கலாம். அதற்குப் பென்சிலின் வகை மருந்தை 10 நாளும் முழுதாகக் கொடுக்க வேண்டும். விட்டால் சிலருக்கு வாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வு பழுதாகும். காது நோ பல தடவை 2, 3 நாளில் தானாகவே ஆறும். 2 வயதுக்கு உட்பட்டவருக்கு இரண்டு காதிலும் இருந்தால், அல்லது சீழ் வடிந்தால், டொக்டர் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: வீட்டு வைத்தியத்தில் எது நல்லது, எது கூடாது

கொத்தமல்லி அவித்த தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள், இளஞ்சூடான திரவம் தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீரும் சேரும். ஒரு வயது தாண்டியவருக்கு இரவில் அரைத் தேக்கரண்டி தேன் இருமலைத் தணிக்கும், பல இருமல் பாணிகளைவிட நன்றாகவே. ஒரு வயதுக்குக் குறைந்தவருக்குத் தேன் நாக்கில் தடவவும் வேண்டாம், அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துக்கள் தசைகளைச் செயலிழக்க வைக்கும் நோயைத் தரலாம். 6 மாதத்துக்குக் குறைந்தவருக்குத் தாய்ப்பால் மட்டும், அதை அடிக்கடி. பெரிய பிள்ளைகளுக்குக் கஞ்சி, சூப், இளநீர், வாந்தியும் இருந்தால் ஜீவனி (ஓ.ஆர்.எஸ் கரைசல்).

மூக்கில் எண்ணெய் விடுவதை நிறுத்திவிடுங்கள். குளிப்பாட்டும்போது தேங்காய் எண்ணெயை மூக்கில் விட்டு ஊதிச் சுத்தம் செய்கிற பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கி ஒரு வகை நியூமோனியாவை உண்டாக்கும். அதேபோலச் சாம்பிராணிப் புகை. குளித்த தலையைக் காயவைக்க அப்பம்மா அன்போடு காட்டுகிற புகைதான், ஆனால் ஏற்கெனவே வீங்கிய காற்றுக் குழாய்க்கு அது சிகரெட் புகைக்கும் நுளம்புச் சுருள் புகைக்கும் வித்தியாசமில்லாதது. நுளம்புக்கு வலை போடுங்கள். சிகரெட் பல்கனியில் பிடித்தாலும் உடுப்போடு உள்ளே வரும்.

கொதிநீர்ச் சட்டியும் துவாயும் வைத்து ஆவி பிடிக்க விடாதீர்கள், அது கவிழ்ந்து வெந்துபோகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். விக்ஸ் போன்ற கற்பூரம் சேர்ந்த தைலங்களை 2 வயதுக்குக் குறைந்தவருக்குப் பூசக் கூடாது, எந்த வயதிலும் மூக்குக்குள் தடவக் கூடாது. தடிமன், இருமல் பாணிகள் 6 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெரிதாகப் பலன் தருவதில்லை. பிரிட்டோன் (Piriton) என்ற ஒவ்வாமை மருந்தைக் கொடுத்தால் பிள்ளை நித்திரையாவது அந்த மருந்தின் மயக்கத்தால். மூச்சுக் கஷ்டம் உள்ள குழந்தைக்கு அந்த மயக்கமே ஆபத்து.

ஆறாம் படி: அன்டிபயோடிக் கொடுப்பதாக இருந்தால்

டொக்டர் எழுதித் தராமல் பார்மசியில் கேட்டு வாங்காதீர்கள். போன தடவை மிஞ்சியதைக் கொடுக்காதீர்கள், அக்காவின் போத்தலைத் தம்பிக்கு மாற்றாதீர்கள். தேவையில்லாத இடத்தில் கொடுத்தால் வயிற்றோட்டமும் தோலில் தடிப்பும் வரலாம். அதைவிடப் பெரிய விஷயம், உண்மையாகத் தேவைப்படுகிற அன்று அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். அன்டிபயோடிக் எழுதாமல் அனுப்புகிற டொக்டரைக் "கவனிக்கவில்லை" என்று நினைக்கிற வழக்கம் நமக்குள் இருக்கிறது. பிள்ளையை முழுதாகப் பரிசோதித்து, எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறவர்தான் நல்ல டொக்டர்.

தூளாக வருகிற பாணியைக் கொதித்தாறிய நீரில் கோடு வரை கரைத்து, ஒவ்வொரு தடவையும் குலுக்கிக் கொடுங்கள். லேபிளில் சொன்ன நாள் கடந்ததும் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

ஏழாம் படி: ஆஸ்பத்திரிக்கு என்ன கொண்டுபோவது, அங்கே என்ன நடக்கும்

பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டை மறக்காதீர்கள், தடுப்பூசி, பிறந்த எடை எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு தாளில் காய்ச்சல் தொடங்கிய நேரம், கடைசியாகப் பனடோல் கொடுத்த நேரமும் அளவும், எத்தனை தடவை குடித்தது, சிறுநீர் போனது, வீட்டில் எண்ணின மூச்சின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் மொழிச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். மூச்சுக் கஷ்டத்தைப் போனில் வீடியோவாக எடுத்துக் காட்டுங்கள். போகிற வழியில் பிள்ளை நித்திரையாகி இழுப்பு அடங்கிவிட்டாலும் டொக்டருக்கு விளங்கும்.

விரலில் ஒரு கிளிப்பை மாட்டி ஒட்சிசன் அளவு பார்ப்பார்கள். 90 வீதத்துக்குக் கீழே என்றால் ஒட்சிசன் கட்டாயம். அதை "கடைசிக் கட்டம்" என்று நினைத்துப் பலர் அழுதுவிடுகிறார்கள். அது களைத்த பிள்ளைக்குக் கொடுக்கிற ஆதாரம், தேறத் தேறக் குறைத்து எடுத்துவிடுவார்கள். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கின கிளிப்பைக் குழந்தையின் விரலில் மாட்டி வருகிற எண்ணை நம்ப வேண்டாம்.

எட்டாம் படி: போகாத இருமல்

திடீரென்று, தடிமன் எதுவும் இல்லாமல், விளையாடிக்கொண்டோ சாப்பிட்டுக்கொண்டோ இருக்கும்போது தொடங்கின இருமல் என்றால் ஏதாவது காற்றுக் குழாய்க்குள் போயிருக்கலாம். கச்சான், பட்டாணி, ரம்புட்டான் கொட்டை. இருமல் அடங்கினாலும் காற்றுக் குழாயில் அது தங்கியிருக்கக்கூடும், அன்றைக்கே காட்டுங்கள். ரம்புட்டான் காலத்தில் 5 வயதுக்குக் குறைந்தவருக்குக் கொட்டையை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் சிறிதாகக் கிள்ளிக் கொடுங்கள்.

தொடர்ந்து இருமி முகம் சிவந்து, கடைசியில் கூவுவதுபோல மூச்சிழுத்து வாந்தி எடுத்தால் அது கக்குவான் இருமலாக இருக்கலாம். 2 கிழமைக்கு மேல் இருமல், எடை குறைவது, விட்டுவிட்டுக் காய்ச்சல், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தது என்றால் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் காட்ட வேண்டும். பரிசோதனையும் மாதக்கணக்கான மருந்தும் இலவசம். வீட்டில் வேலைக்கு வருகிறவர், வான் ஓட்டுகிறவர் நீண்ட நாள் இருமினால், அவர்களையும் பரிசோதிக்க உதவுங்கள். மற்றபடி, வேறு எந்த அறிகுறியும் இல்லாத இருமல் 4 கிழமை தாண்டினால் ஒருமுறை டொக்டரிடம் காட்டுங்கள்.

தடுப்பூசியும் மொண்டிசோரிக்குத் திரும்புவதும்

உங்கள் பகுதி எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் 2, 4, 6 மாதத்தில் போடுகிற பென்டாவலன்ட் ஊசி தொண்டைக் கரப்பான், கக்குவான், நியூமோனியாவை உண்டாக்கக்கூடிய ஹிப் கிருமி ஆகியவற்றிலிருந்து காக்கிறது. 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுவது சின்னமுத்துக்கு எதிரானது. சின்னமுத்தோடு வருகிற நியூமோனியா கொடியது. 2019 இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது, 2023 இல் கொழும்பிலேயே அது திரும்ப வந்தது. தடிமனாக இருக்கிறது என்று ஊசியைத் தள்ளிப் போடுகிற வீடுகள் அதிகம். காய்ச்சல் இல்லாத லேசான தடிமனில் ஊசி போடலாம், கிளினிக்கில் கேளுங்கள். இன்ஃப்ளுவென்சா, நியூமோகொக்கல் ஊசிகளைப் பற்றிப் பிள்ளையின் டொக்டரிடம் கேளுங்கள், இழுப்போ இருதய நோயோ உள்ளவர்கள் என்றால் கட்டாயம்.

மருந்து கொடுக்காமலே 24 மணித்தியாலம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, சாப்பிட்டு விளையாடினால் மொண்டிசோரிக்கு அனுப்பலாம். இருமல் மிச்சம் இருப்பது தடையில்லை. இழுப்புள்ள பிள்ளை என்றால் நீல பம்பையும் ஸ்பேசரையும் பையில் வைத்து, போடுகிற முறையை டீச்சருக்கு ஒருமுறை செய்து காட்டிவிட்டு வாருங்கள்.